வேலூர் வெயிலும் விலைபோகும் அமானிதமும்

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் வேலூரிலுள்ள நன்னியின் வீடே எங்கள் உலகம். மொட்டைமாடியில் கால்வைக்க இயலாத வெயில். அஸர் தொழுகைக்குப் பின்னரே நன்னா எங்களை வெளியே அழைத்துச் செல்வார். கோட்டைக்குள் திப்பு சுல்தானின் குடும்பத்தார் சிறைவைக்கப்பட்ட மாளிகைகளைக் காட்டி, 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த வரலாற்றைச் சொல்வார். மறுநாள் பாலாறு. ஆற்றில் நீர் ஓடாது. ஆயினும் மணலைக் கையால் தோண்டினால் ஊற்று சுரக்கும். அதை அள்ளிக் குடித்தோம்.

இன்று நம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்றால் அந்நீரைக் குடிக்கச் சொல்ல நமக்குத் துணிவில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறு கெட்டதை முன்வைத்து உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டிலேயே கடுமையான தீர்ப்பு வழங்கியது. அத்தொழிலில் நம் சமுதாயத்தாருக்கும் பெரும் பங்குண்டு. அதை மறைத்துப் பயனில்லை.

வாக்குக் கேட்டு வருவோரிடம் இந்த ஆற்றைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? 2019 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள்கள் இருக்கையில், பெருந்தொகைப் பணம் பிடிபட்டதைத் தொடர்ந்து வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்து செய்யப்பட்டது. ஆகஸ்ட் 5 அன்றுதான் மறுபடியும் நடந்தது. மானத்திற்காகக் கிளர்ந்தெழுந்த ஊருக்கு நேர்ந்த தலைகுனிவு அது.

மக்களவைக்குப் போட்டியிட இந்தியக் குடியுரிமையும் 25 வயதும் வேண்டும் என்கிறது சட்டம். அறிவையும் நேர்மையையும் அது அளப்பதில்லை. அளக்க வேண்டியவர் வாக்காளரே. குற்ற வழக்குகள், சொத்து, கல்வி ஆகியவற்றை வேட்பாளர் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டுமென நடைமுறை உள்ளது. திருமணத்திற்கு மாப்பிள்ளை பார்க்க ஊர் ஊராக விசாரிக்கும் நாம், அந்தப் பத்திரத்தை ஒருமுறையேனும் படித்ததுண்டா?

தகுதி என்று நாம் சொல்வது பட்டத்தை அன்று. காமராஜர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்; ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். ஆற்றலும் நம்பகமும் ஒருங்கே வேண்டும் என்பதே திருக்குர்ஆன் 28:26 காட்டும் அளவுகோல்.

“நம்மவர் ஒருவர் நின்றால் போதாதா?” என்பர் சிலர். அபூதர் (ரலி) அவர்கள் பதவி கேட்டபோது, அவர் அதற்குப் பலவீனமானவர் என்றும், அது அமானிதம் என்றும் கூறி நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த மாபெரும் தோழருக்கே இறையச்சம் மட்டும் பதவிக்குத் தகுதியாகவில்லை எனில், பெயரும் தொப்பியும் எம்மாத்திரம்?

“எல்லாரும்தான் கொடுக்கின்றனர், வாங்கிக்கொண்டு நல்லவருக்கே வாக்களித்தால் என்ன?” என்பர் வேறு சிலர். லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் ஒருங்கே சபித்துள்ளார்கள். வாங்குபவரையும் குற்றவாளியாகவே நாட்டின் சட்டமும் கருதுகிறது. ஹலால் உணவைத் தேடித்தேடி உண்ணும் வீட்டிற்குள் அந்தப் பணம் எந்த வாசல் வழியே நுழைகிறது?

தகுதியற்றோர் வேட்பாளராவது கட்சிகளின் குற்றம். அவர்கள் வெல்வது நம் குற்றம். அடுத்த முறை கதவு தட்டப்படும்போது கையை நீட்டாமல் கேள்வியை நீட்டுவோம். நம் பேரப்பிள்ளைகள் பாலாற்று மணலைத் தோண்டி நீர் அருந்தும் நாளை அல்லாஹ் நமக்குக் காட்டுவானாக. ஆமீன்.