உயிர்ப்பல்வகைமைத் திட்டங்களும் மன்னார் கற்பிக்கும் பாடமும்

மன்னார் நகருக்குச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் விரிந்து கிடக்கும் வங்காலைச் சரணாலயத்தை, வலசைப் பறவைகள் வந்திறங்கும் மாதங்களில் கடந்து சென்றவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். மத்திய ஆசிய வலசைப் பாதையில் தெற்கு நோக்கி வரும் பறவைகளுக்கு இலங்கையே கடைசி நிலம்; அதற்கப்பால் பெருங்கடல். 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இந்த இடத்தை ஒட்டியிருக்கும் மன்னார் தீவையே காற்றாலைகளுக்கு உகந்த இடமாகவும் அரசு தெரிவுசெய்தது. ஒரே அரசின் இரு திட்டங்கள் ஒரே வானத்தில் மோதிக்கொண்டது எவ்வாறு?

திட்டங்களுக்கு இந்நாட்டில் என்றுமே பஞ்சமிருந்ததில்லை. வனவிலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தை 1994இல் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. அதன்பின் தேசிய செயற்றிட்டங்கள் வகுக்கப்பட்டன. 2016 முதல் 2022 வரையான காலத்துக்கும் ஒன்று வெளியானது. குறை அறிவியலிலோ ஆவணத்திலோ இல்லை. அந்த ஆவணம் சுற்றாடல் அமைச்சின் அலுமாரியைத் தாண்டி யாரையும் கட்டுப்படுத்துவதில்லை என்பதே குறை. நிலத்தின் தலைவிதியை நிர்ணயிப்பவை மின்சக்தி, காணி, கைத்தொழில், சுற்றுலா ஆகிய துறைகள்.

2020இல் நடந்ததை நினைவுகூரலாம். காப்புக்காடுகளாகப் பிரகடனம் செய்யப்படாத ஏனைய அரச காடுகளை வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்திருந்த 2001ஆம் ஆண்டின் சுற்றறிக்கை நீக்கப்பட்டு, அவற்றைப் பிரதேச, மாவட்டச் செயலாளர்களின் நிர்வாகத்துக்கு மாற்ற வழிசெய்யப்பட்டது. யானைகளின் நடமாட்டத்துக்கும் காடுகளுக்கிடையிலான இணைப்புக்கும் இன்றியமையாத நிலங்கள் அவை. தேசியத் திட்டம் நடைமுறையில் இருந்த காலத்திலேயே இது நடந்தது. ஒரு சுற்றறிக்கைக்கு முன் நிற்கமுடியாத திட்டத்தைத் தேசியத் திட்டம் என்று எப்படி அழைப்பது?

மன்னாரின் கதையும் இதுவே. 30 காற்றாலைகளைக் கொண்ட மின்சார சபையின் திட்டம் 2020இல் திறந்துவைக்கப்பட்டது. அடுத்துவந்த பெருந்திட்டம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2025 பெப்ரவரியில் அதன் முதலீட்டாளரான அதானி நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டில் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். காற்று மின்சாரத்தை நான் எதிர்க்கவில்லை. எரிபொருள் இறக்குமதியால் நலிந்த நாட்டுக்கு அது தேவை. ஆனால் ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே மதிப்பிட்டால், அவையனைத்தும் சேர்ந்து ஒரு சிறு தீவுக்குச் செய்வதை எவரும் எடைபோடுவதில்லை. இடத்தைத் தெரிவுசெய்த பின் பறவைகளைப் பற்றி விசாரிப்பது, தாலி கட்டியபின் பொருத்தம் பார்ப்பதைப் போன்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. போரினால் இடம்பெயர்ந்து மீண்ட வடபகுதி மக்கள் பலர், தாம் பயிரிட்ட காணிகள் பற்றைக்காடாகி வனத்துக்குரியவையாக எல்லையிடப்பட்டிருந்ததைக் கண்டனர். அவர்களுக்குப் 'பாதுகாப்பு' என்ற சொல் வர்த்தமானியாகவும் எல்லைக்கல்லாகவுமே அறிமுகமானது. அவர்களின் ஐயத்தை அறியாமை என்று ஒதுக்குவது அநீதி.

நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தை 2030க்குள் பாதுகாக்கவேண்டும் என்பது 2022இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட குன்மிங்-மொன்றியல் கட்டமைப்பின் இலக்கு. கொழும்பில் வரைபடத்தின்மீது கோடு கிழித்து இதனை எட்ட முனைந்தால், பழைய காயங்களே மீண்டும் திறக்கும். தேசியத் திட்டத்துக்கு ஏனைய அமைச்சுகளையும் கட்டுப்படுத்தும் சட்டவலு வேண்டும். இடத்தெரிவுக்கு முன்னரே பிரதேசம் முழுவதற்குமான சுற்றாடல் மதிப்பீடு வேண்டும். மக்களின் காணி உரிமை தீர்க்கப்பட்ட பின்னரே எல்லைகள் வரையப்பட வேண்டும். 2018 முதல் மக்கள் பிரதிநிதிகளின்றி இயங்கும் வடக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடத்துவதும் இதன் ஒரு பகுதியே. உள்ளூரில் பேசவும் பொறுப்பேற்கவும் எவருமின்றி எந்தக் காடும் நெடுநாள் நிலைக்காது.

பறவைகள் அடுத்த பருவத்திலும் வரும். அவற்றுக்கு இறங்க இடமிருக்குமா என்பதை, எழுதப்போகும் திட்டத்தைவிட, அதற்குக் கீழ்ப்படியப்போகும் அரசே தீர்மானிக்கும்.