ஆடியில் வந்த பொங்கல்



போன மாதம் ராஜபாளையத்திலிருந்து ஓர் இன்லேண்ட் கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சத்திரப்பட்டித் தறிகளில் பேண்டேஜ் துணி நெய்வதைப் பற்றி நம் இதழுக்கு ஒரு கட்டுரையை மெயிலில் அனுப்பியிருக்கிறார். அடுத்த நிமிடமே இங்கிருந்து பதில் போயிருக்கிறது: "பொங்கலை முன்னிட்டு அலுவலகம் விடுமுறை. 18ஆம் தேதிக்குப் பிறகு தொடர்புகொள்கிறோம்." அப்போது ஆடி பிறந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது.

பத்து நாள் பொறுத்து மறுபடி எழுதினார். அதே பொங்கல். இன்னும் பத்து நாள் கழித்து மூன்றாவது மெயில். மறுபடியும் பொங்கல். பிறகுதான் பேனாவை எடுத்தார். "எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கே முடிந்துவிட்டது ஐயா. உங்கள் ஆபீசில் மட்டும் இன்னும் பொங்கிக்கொண்டே இருக்கிறது. பானை கொஞ்சம் பெரிதோ?"

சிரித்தோம், வெட்கப்பட்டோம், பிறகு விசாரித்தோம்.

2020க்குப் பிறகு நம் இதழின் பாதி வேலை வீடுகளில்தான் நடக்கிறது. பக்கம் வடிவமைப்பவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். பிழை திருத்துபவர் ராஜபாளையத்தில். ஆனி மாதம் நம் மெயில் சர்வர் பழசாகிவிட்டது என்று புதியதற்கு மாறினோம். நாம் மட்டுமல்ல, பல அலுவலகங்கள் மாறுகிற காலம் இது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்குமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துபோனது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஜோஹோ தளத்துக்கு மாறியதும் அதே ஆண்டில் செய்தியானது. ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில்தான் அந்த நிறுவனத்தின் கிராமத்து அலுவலகம் இருக்கிறது.

எங்கள் மாற்றமும் ஒரு ராத்திரியில் முடிந்தது. கடிதம் ஒன்றுகூடத் தொலையவில்லை. தொலைந்தது வேறு.

நம் ஊர்ப் பக்கத்தில் வெளியூர் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிய கையோடு பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். "யாராச்சும் வந்தா, திங்கக்கிழமை வந்துருவோம்னு சொல்லுங்க மதினி." தானாகப் போகும் விடுமுறைப் பதில், அந்த மதினி செய்கிற வேலையைத்தான் செய்கிறது. சர்வரை மாற்றுவது வீடு மாறுவது மாதிரி. பீரோவும் பாத்திரமும் லாரியில் ஏறிவிடும். மதினியிடம் சொன்ன வார்த்தையை யாரும் லாரியில் ஏற்ற மாட்டார்கள். மெயில்களை இடம் மாற்றும் மென்பொருள்கள் பெரும்பாலும் கடிதங்களையும் ஃபோல்டர்களையும்தான் நகர்த்துகின்றன. விடுமுறைப் பதிலுக்கான விதி சர்வரில் தனியே கிடக்கிறது. எங்கள் விஷயத்தில் அந்த விதிகளை ஜனவரியில் எடுத்த பேக்கப்பிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். புது வீட்டு மதினியிடம் தை மாதச் சீட்டைக் கொடுத்தாயிற்று. அவரும் வருகிறவர்களிடமெல்லாம் அதையே படித்துக்காட்டியிருக்கிறார்.

வில்லிபுத்தூரில் இதற்கு நேர்மாறு. ஆடிப்பூரத் தேருக்கு விருதுநகர் மாவட்டமே உள்ளூர் விடுமுறை விடும். தேர் நிலையிலிருந்து நகரும்போது நம் வடிவமைப்பாளர் மட்டும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பாரா? இரண்டு நாள் விடுமுறை போட்டு, பதிலையும் ஒழுங்காக எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒருவருக்கும் போகவில்லை. காரணம் எளிது. அவருக்கு வரும் மெயில்களில் முக்கால்வாசி ஆசிரியர் குழுவின் பொது முகவரி வழியாக வருபவை. கடிதத்தின் பெறுநர் வரிகளில் தன் முகவரி இல்லாவிட்டால் விடுமுறை விதி வாயைத் திறக்காது. அது நல்ல பழக்கம்தான். இல்லாவிட்டால் நூறு பேருக்குப் போகும் குழுக் கடிதம் ஒவ்வொன்றுக்கும் பதில் கிளம்பும். பழைய சர்வரில் "பொது முகவரியும் என்னுடையதுதான்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். புதியதில் அந்த வரி இல்லை.

நம் பிழை திருத்துபவரின் தம்பி ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறார். எங்கள் கதையைக் கேட்டவர் தன் கதையைச் சொன்னார். அவருடைய அலுவலகத்திலும் சர்வர் மாறியிருக்கிறது. நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்க வேண்டிய விடுமுறைப் பதில் காலை 5.30க்குத்தான் விழித்திருக்கிறது. புதிய சர்வரின் கடிகாரம் இந்திய நேரத்தில் இல்லாமல், ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் இருந்தது. அந்த இடைவெளி நமக்குத் தூங்குகிற நேரம்; அவருடைய வாடிக்கையாளர்களுக்கோ பட்டப்பகல். "ஆளைக் காணோம்" என்று மேலதிகாரிக்குப் புகார் போய்விட்டது.

எனவே சர்வர் மாறியதும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் செய்ய வேண்டியவை சில. பழைய பதிலை நம்பாமல் புதிதாக எழுதிச் சேமியுங்கள். தொடங்கும் நாள், முடியும் நாள், நேர மண்டலம் மூன்றையும் கண்ணால் பாருங்கள். நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒன்று, வெளியாருக்கு ஒன்று என இரண்டு பதில் இருந்தால் இரண்டையும் திறந்து பாருங்கள். வெளியாருக்குப் பதில் போவதையே நிர்வாகி தடுத்து வைத்திருக்கவும் கூடும். பதில் அனுப்பும் விதி சர்வரில் இருக்கிறதா, உங்கள் லேப்டாப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். லேப்டாப்பில் இருந்தால், அதை மூடிவிட்டுத் தேர் பார்க்கப் போனதும் பதிலும் உங்களோடு தேர் பார்க்க வந்துவிடும்.

கடைசியாக, வெளியிலிருந்து சோதியுங்கள். சொந்த ஜிமெயிலிலிருந்து ஒரு வரி அனுப்பினால் போதும். பதில் வராவிட்டால் ஸ்பேம் ஃபோல்டரையும் பாருங்கள். உங்கள் சாதாரணக் கடிதங்கள் ஒழுங்காகப் போய், விடுமுறைப் பதில் மட்டும் ஸ்பேமில் விழலாம். அந்தப் பதிலின் உறையில் அனுப்புநர் முகவரியை வேண்டுமென்றே காலியாக விடுவது வழக்கம். திரும்பி வந்து சுற்றாமல் இருக்கத்தான். புதிய சர்வரின் பெயரும் டிஜிட்டல் கையெழுத்தும் சரியாகப் பதிவாகாவிட்டால், எதிர்முனையில் இருக்கும் சர்வர் அந்த வெற்று உறையைச் சந்தேகப்படும். அதைச் சரிசெய்வது நிர்வாகியின் வேலை. அவருக்குச் சொல்வது உங்கள் வேலை.

சோதனையில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் தடவை பதில் வரும், உறுதிசெய்துகொள்ள அதே முகவரியிலிருந்து மறுபடி அனுப்புவார்கள், பதில் வராது. "மறுபடி கெட்டுப்போச்சு" என்று நிர்வாகிக்குப் போன் போகும். கெட்டுப்போகவில்லை. ஒருமுறை சொன்னவருக்கு மறுபடி சொல்லாமல் இருப்பது இதன் இயல்பு. ஜிமெயில் ஒருவருக்கு நான்கு நாளைக்கு ஒருமுறைதான் சொல்லும். வேறு பல சர்வர்களில் அது ஏழு நாள். ராஜபாளையத்து ஆசிரியர் பத்து நாளுக்கொருமுறை எழுதியதால்தான் மூன்று முறையும் பொங்கல் கிடைத்தது. இரண்டாவது சோதனைக்கு வேறொரு முகவரியைப் பயன்படுத்துங்கள்.

இந்த நாகரிகம் பழையது. பெர்க்லி யூனிக்ஸ் காலத்தில் எரிக் ஆல்மன் எழுதிய 'வெக்கேஷன்' என்ற சிறு நிரலே ஒருவருக்கு வாரம் ஒருமுறைதான் பதில் சொன்னது. 2004 ஆகஸ்டில் கீத் மூர் எழுதிய இணைய நெறிமுறை அதை முறைப்படுத்தியது: தானாகப் போகும் பதிலில் "இது தானாகப் போவது" என்று ஓர் அடையாளம் இருக்க வேண்டும், அந்த அடையாளத்தோடு வரும் கடிதத்துக்குப் பதில் போடக் கூடாது. இந்த ஒழுங்கு இல்லாவிட்டால், விடுமுறையில் இருக்கும் இரண்டு பேரின் பெட்டிகள் ஒன்றுக்கொன்று "நான் ஊரில் இல்லை, நான் ஊரில் இல்லை" என்று விடிய விடியச் சொல்லிக்கொண்டிருக்கும். நல்ல மதினியும் இப்படித்தான். ஒருவரிடம் ஒருமுறைதான் சொல்வார். தெருவையே கூட்டி அறிவிக்க மாட்டார்.

வடிவமைப்பாளரிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தன் ஊர் வழக்கம் ஒன்றைச் சொன்னார். புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்கு ஆண்டாள் சூடிக் களைந்த மாலை வில்லிபுத்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும். பங்குனியில் ஆண்டாள் திருக்கல்யாணத்துக்கு அங்கிருந்து பட்டு வரும். நடுவில் அரை வருடம். "ஏன் இவ்வளவு நாள்னு யாரும் கேக்கறதில்லை சார். வரும்னு தெரியும், அவ்வளவுதான்."

அதைக் கேட்ட பிறகு எங்கள் விடுமுறைப் பதிலை மாற்றி எழுதினோம். "தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றோம்" என்ற வரியை எடுத்துவிட்டோம். எந்த இயந்திரமும் மேன்மையை அறியாது. இருப்பவை மூன்று செய்திகள்: எந்த நாள்வரை இங்கே ஆள் இல்லை, எந்த நாளில் ஒரு மனிதர் படிப்பார், அதற்குள் அவசரமென்றால் யாரைக் கேட்பது.

ராஜபாளையத்து ஆசிரியருக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். சத்திரப்பட்டிக் கட்டுரை இந்த இதழில் வந்திருக்கிறது; தறிச் சத்தம் காதில் விழுகிற எழுத்து, விட்டுவிடாதீர்கள். போனை வைக்கும் முன் அவர் கேட்டார்: "இனி பொங்கல்னு பதில் வந்தா நம்பலாமா?"

தை மாதம் வந்தால் நம்புங்கள் ஐயா.

அன்புடன்,
ஆசிரியர்