பண்ணை வீடு யாருக்கு? பிளாட் வியாபாரிக்கா, பாடுபட்ட குடும்பங்களுக்கா?

 

நம்ம தருவைகுளம் பக்கம் ஒரு பழைய பண்ணையை விலை பேசிக்கிட்டு இருக்காங்க. முருகைக்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, பனங்கட்டை போட்ட மச்சு, தொழுவம், களம், நல்ல தண்ணிக் கிணறு. போர்டு தயாராகுதாம்: 'இயற்கையோடு இணைந்த கிராமத்து இல்லங்கள்'. யாருக்கு இல்லம்? சனி, ஞாயிறு காரில் வந்து போறவனுக்கு! மூணு தலைமுறையா அந்தக் களத்துல கம்பும் உளுந்தும் அடிச்சவன் பின்பக்கம் ஓலைக் குடிசையில கெடக்கான்.

அவனுக்கு யாரும் பிச்சை போட வேண்டாம். விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனையை அவனுக்கே சொந்தமாக்க 1971-லேயே குடியிருப்புச் சட்டம் வந்தாச்சு. ஆனா பட்டா? டிரங்குப் பெட்டியைத் திறந்தா ரேஷன் கார்டும் வரி ரசீதும்தான் இருக்கு. 2024-ல் அறிவிச்ச கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் உண்டு. அதுக்கும் முதல்ல பட்டாவைத்தான் கேக்காங்க.

"பழைய கட்டடம்தானே, இடிச்சிட்டுப் புதுசா கட்டலாமே" என்கிறார்கள் படிச்ச சில பேர். அண்ணாச்சி, அந்தக் கல் இனிமே கிடைக்குமா? மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டி வெட்டித்தான் விலாங்குசல்லித் தீவே முங்கிப் போச்சு. 2001 முதல் பவளப்பாறைக்கு வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பு, தொட்டா ஜெயில். பனையையும் கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னு 2021-ல் அரசு அறிவிச்சிருக்கு. இப்படிக் கிடைக்காத கல்லையும் கட்டையையும் லாரியில ஏத்திப் பள்ளம் நிரப்பவா?

நம்ம உப்புக் காத்துல காங்கிரீட் கம்பி துருப்பிடிச்சு, கூரை பொத்துப் பொத்துனு உதிருறதை ஊருக்கு ஊரு பார்க்கோம். (என் வீட்டுத் திண்ணைக்கு மேலேயே உதிருது.) காரைச் சுவருக்குள்ள கம்பியே கிடையாது, துரு எங்க பிடிக்கும்?

நிலத்துக்காரரோடு நமக்குப் பகை இல்லை. நியாயமான விலை கொடுத்து அரசு வாங்கட்டும். பெரிய வீட்டையும் தொழுவத்தையும் தடுத்து, குடிசையில் கிடக்கிற குடும்பங்களுக்கு வீடாக்கணும். பட்டா பெண்கள் பேரில் வரணும். கிணறும் களமும் ஊருக்குப் பொது. வீட்டுத் திட்டப் பணத்தைச் சுண்ணாம்புச் சுவரைச் செப்பனிடவும் கொடுக்கணும். பழைய கொத்தனார்கள் இன்னும் ரெண்டு மூணு பேர் உசிரோட இருக்காங்க.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாக்குவோம். நோட்டில் எழுதி, வாசிச்சுக் காட்டின பிறகுதான் கையெழுத்து. வெத்து நோட்டில் யாரும் போடாதீங்க. குடிசைக்காரங்க வீட்டு வரி ரசீது, கரண்டு பில், எது இருந்தாலும் எடுத்துக்கிட்டு வாங்க.