வெந்நீர்க் குழாய்க்கு ஆள் அமர்த்துமுன்

வெந்நீர் என்பது நம் பாட்டிமார் காலத்தில் நோயாளிக்கும், பிள்ளை பெற்ற பெண்ணுக்கும், கைக்குழந்தைக்கும் மாத்திரம் உரிய பொருளாக இருந்தது. முற்றத்தில் மூன்று கல் வைத்து, கிடாரத்தில் நீர் நிரப்பி, தென்னம்பாளையும் பொச்சுமட்டையும் எரித்து, நொச்சி இலை போட்டு அவித்து இறக்குவார்கள். திருகோணமலைப் பக்கம் போனவர்கள் கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் நீராடி, நெருப்பின்றியே பூமி தரும் வெந்நீரை வியந்து ஊர் திரும்புவார்கள். இன்றோ, வெயில் காயும் கூரையின்மீது ஒரு தொட்டியையும் சில கண்ணாடிக் குழல்களையும் பொருத்திவிட்டால் வீட்டுக்குள்ளேயே வெந்நீர் வந்துவிடுகிறது. வசதி வந்த இடத்தில் புதிய கேள்விகளும் வருவது உலக இயல்பு. இந்த வாரம் நாம் ஆராயப் போவது அத்தகைய கேள்வி ஒன்றையே.

ஹெந்தளையில் வசிக்கும் குடும்பத் தலைவி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு மாடி வீடு. கூரையில் சூரிய வெந்நீர்க் கருவி. கீழ்த்தளத்தில் உள்ள குளியலறையில் குழாயைத் திறந்தால், வெந்நீர் வந்து சேருவதற்குள் ஒரு வாளி நிறையக் குளிர்ந்த நீர் ஓடிவிடுகிறதாம். மூட்டுவாதத்தால் வருந்தும் மாமியார் அதிகாலையில் நடுங்கிக்கொண்டு காத்து நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்கிறார். வெந்நீரை ஓயாது சுற்றிவரச் செய்யும் பம்பி ஒன்றைப் பொருத்தலாம் என்று இரண்டு வேலையாட்கள் கூறியிருக்கின்றனர். ஒருவர் மூன்று நாளில் முடித்துத் தருவாராம். கூலியில் பாதியை முன்பணமாகக் கேட்கிறார். மின்னிணைப்பையும் தாமே அறைச் சுவரில் உள்ள பிளக்கிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொல்கிறார். மற்றவர் கேட்கும் தொகை அதிகம். வேலைக்கு முன் வீட்டை அளந்து பார்க்க வேண்டும் என்கிறார். மின்வேலைக்கு வேறொருவரை அழைத்து வருவாராம். "எவரை அமர்த்துவது?" என்பது அந்த அம்மையாரின் கேள்வி.

எவரை அமர்த்துவது என்பதற்கு முன், எதற்காக அமர்த்துகிறோம் என்பதைத் தெளிந்துகொள்வோம். குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் வராமைக்குக் கருவியின் குறை காரணமன்று. முந்திய உபயோகத்தின் பின் குழாய்க்குள் தங்கிய நீர் ஆறிப்போய்விடுகிறது. அந்த நீர் முழுவதும் வெளியேறிய பின்பே புதிய வெந்நீர் வர முடியும். அரை அங்குலக் குழாயில் மீற்றருக்கு ஏறத்தாழ 0.2 லீற்றர் நீர் நிற்கும். முக்கால் அங்குலக் குழாயில் ஏறத்தாழ 0.3 லீற்றர். தொட்டிக்கும் குளியலறைக்கும் இடையே 15 மீற்றர் என்றால், முதலாவதில் 3 லீற்றரும் இரண்டாவதில் நாலரை லீற்றரும் வீணாகும். குழாயின் சுவரும் முதலில் சூடேற வேண்டியிருப்பதால் உண்மையில் ஓடுவது இதனினும் அதிகம். பெரிய குழாய் போட்டால் வெந்நீர் விரைவாக வரும் என்று நினைப்போர் பலர். நீரின் அழுத்தம் போதுமானதாயின் சிறிய குழாயே விரைவில் வெந்நீரைத் தரும்.

இதற்குப் பரிகாரமாகத் தொட்டியிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயைக் கடைசிக் குளியலறையோடு முடித்துவிடாமல், அங்கிருந்து இன்னொரு குழாய் வழியாகத் தொட்டிக்கே திருப்பிக் கொண்டுசெல்வார்கள். நடுவே சிறு பம்பி ஒன்று இருக்கும். பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு ஒன்றும் அவசியம். குளிர்நாடுகளின் பழைய வீடுகள் சிலவற்றில் பம்பியே இல்லாமல் இந்தச் சுற்று நடந்ததுண்டு. அங்கே கொதிகலன் நிலவறையில் இருக்கும். வெந்நீர் இலேசானதாகையால் தானாகவே மேலேறும். ஆறிய நீர் கனத்துக் கீழிறங்கும். விஞ்ஞானம் கற்கும் மாணவர்கள் இதனை மேற்காவுகை என்று அறிவார்கள். நம் வீடுகளிலோ தொட்டி கூரைமேல் இருக்கிறது. மேலே இருக்கும் வெந்நீர் தானாகக் கீழிறங்காது. ஆகவே பம்பியின்றிச் சுற்றும் என்று எவரேனும் சொன்னால், அவர் தொழிலை நன்கு கற்கவில்லை என்று கொள்ளலாம்.

இனி வரவு செலவைப் பார்ப்போம். ஒரு நாளில் எட்டு முறை குழாயைத் திறந்து, முறைக்கு 4 லீற்றர் வீணானால், நாளொன்றுக்கு 32 லீற்றர். மாதத்திற்கு 960 லீற்றர். நீர்ப் பட்டியலில் அது ஏறத்தாழ ஓர் அலகு. மறுபக்கத்தில், 30 மீற்றர் நீளமான சுற்றுக்குழாயில் நல்ல உறை இட்டிருந்தாலும் மீற்றருக்கு 5 வாற்று வெப்பம் கசியும் என்று கொண்டால், மொத்தம் 150 வாற்று. இரவும் பகலும் பம்பி ஓடினால் ஒரு நாளில் 3.6 அலகு வெப்பம் காற்றோடு போகும். 200 லீற்றர் தொட்டி நீரை ஏறத்தாழ 15 பாகை ஆற்றிவிட அது போதும்! பகலெல்லாம் சூரியன் சேர்த்துத் தந்ததை இரவெல்லாம் நாமே இறைத்துவிடுவோம். தொட்டிக்குள் மின்சூடாக்கியும் இருந்தால் அந்த நட்டம் மின்பட்டியலில் வந்து நிற்கும்.

எனவே ஓயாத சுற்று நமது நாட்டு வீட்டுக்கு ஏற்றதன்று. குளிக்கச் செல்லுமுன் ஒரு பொத்தானை அழுத்த, ஓரிரு நிமிடம் ஓடி, வெந்நீர் வந்தவுடன் தானே நின்றுவிடும் பம்பியே ஏற்றது. திரும்பும் குழாய் போட இடமில்லாத வீடுகளில், குளிர்ந்த நீர்க் குழாயையே திரும்பும் வழியாக்கும் வால்வு ஒன்றும் உண்டு. அதனைப் பொருத்தினால் குளிர்ந்த நீர்க் குழாயில் சிறிது நேரம் வெதுவெதுப்பான நீர் வரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். அந்தக் குழாயில் குடிநீர் பிடிப்பது நன்றன்று.

குளியலறை ஒன்றே ஒன்றாயின் இத்தனை ஏற்பாடும் தேவைதானா என்பதையும் சிந்திக்க வேண்டும். அதன் அருகிலேயே சிறிய மின்வெந்நீர்க் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டால் குழாயின் நீளம் என்ற பிரச்சினையே எழாது. 40 லீற்றர் நீரை 28 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க அரை அலகுக்குச் சற்றுக் கூடுதலான மின்சாரம் போதும். மூன்று நான்கு குளியலறைகள் தூரதூரமாக உள்ள வீட்டுக்கே சுற்றுக்குழாய் பொருத்தமானது. இதனை வாய்திறந்து சொல்லி, தமக்கு வரக்கூடிய பெரிய வேலையைச் சிறிதாக்கிக்கொள்ளும் வேலையாள் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, உயிரைப் பற்றிய விஷயம். 60 பாகை நீர் வளர்ந்தவரின் தோலையே 5 விநாடிகளில் வேகச் செய்துவிடும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அதனினும் குறைந்த நேரம் போதும். வெயில் கடுமையான நாளில் சூரியக் கருவியின் நீர் 60 பாகையையும் தாண்டக்கூடும். முன்பு ஆறிய நீர் முதலில் வந்து நம்மை எச்சரித்தது. சுற்றுக்குழாய் போட்ட பின் முதல் துளியே சுடும்! ஆகையால் வெந்நீரையும் தண்ணீரையும் அளவாகக் கலந்து விடும் வால்வு ஒன்றைக் குளியலறைக்கு அருகில் பொருத்துவது கட்டாயம். "அப்படியானால் தொட்டியின் சூட்டையே குறைத்துவிடலாமே" என்று கேட்கலாம். 20 முதல் 45 பாகை வரையுள்ள தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்னும் பக்டீரியா பெருகும். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு ஹோட்டலில் கூடியவர்களைத் தாக்கிய சுவாச நோயை ஆராய்ந்தபோது, அடுத்த ஆண்டில் அடையாளம் காணப்பட்ட கிருமி அது. ஆதலால் தொட்டியில் 60 பாகை, உடலில் படுமிடத்தில் மிதமான சூடு என்பதே முறை.

குழாயின் தரமும் கவனத்திற்குரியது. குளிர்ந்த நீருக்கு இடும் சாதாரண பீ.வீ.சீ. குழாய் வெந்நீரில் இளகி வளையும், மூட்டுகள் விட்டுப்போகும். சீ.பீ.வீ.சீ. அல்லது பீ.பீ.ஆர். வகையே வெந்நீருக்கு உகந்தது. ஹெந்தளைக்கு ஒரு புறம் கடல். ஊடே ஹமில்டன் கால்வாய். வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு. இத்தகைய இடத்தில் கிணற்று நீரைக் கருவிக்கு விடுவோர், அதில் உப்பும் இரும்பும் எவ்வளவு என்று சோதித்துக்கொள்ளல் நலம். உப்பு நீர் உலோகத் தொட்டியை விரைவில் அரித்துவிடும். அதனைத் தடுக்கத் தொட்டிக்குள் மக்னீசியக் கோல் ஒன்றை வைப்பார்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும் அக்கோலை, தேய்ந்தவுடன் மாற்ற வேண்டும். அதனை எப்போது, எவர் மாற்றுவார் என்று கேளுங்கள்.

மின்சாரத்தில் கைவைப்பது விளையாட்டன்று. 3.5 கிலோவாற்றுக் கருவி 230 வோல்ற்றில் 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். 13 அம்பியர்ப் பிளக்கிலிருந்து அதனை எடுப்பது தீயை அழைப்பதற்கு ஒப்பாகும். அதற்குத் தனிக் கம்பி வேண்டும். நல்ல புவித்தொடுப்பு வேண்டும். 30 மில்லியம்பியர்க் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சும் வேண்டும். பம்பி சிறிதாயினும் புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் அதற்கும் உண்டு. ஈரமான உடம்போடு நிற்பவருக்கு அவையே காவல்.

நம் நாட்டில் கைவினைஞரை "பாஸ்" என்று அழைக்கிறோம். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. தலைவன் என்பது பொருள். அப்பெயருக்கு ஏற்ற தகுதியை இன்று எழுத்திலும் காணலாம். குழாய் வேலைக்கும் மின்வேலைக்கும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ்கள் உண்டு. பள்ளியில் படிக்காமல் பட்டறிவால் தொழில் கற்றவரும் தமது திறமையைச் சோதனைக்கு உட்படுத்தி அச்சான்றிதழைப் பெறலாம். சான்றிதழ் இல்லாதவர் எல்லோரும் திறமையற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மின்வேலையில் மாத்திரம் தகைமை பெற்றவரைத் தவிர வேறெவரையும் அனுமதிக்க வேண்டாம் என்று வலியுறுத்துவேன்.

வேலைக்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை சில. குழாயின் வகை, நீளம், பம்பியின் பெயர், ஒவ்வொரு வால்வின் விலை, கூலி ஆகியவை தனித்தனியாக இருக்கட்டும். பணத்தை வேலையின் படிகளுக்கு ஏற்பப் பகிர்ந்து கொடுங்கள். கடைசிப் பகுதியை, எல்லாம் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பின் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். சுவரை மூடி மாபிள் பதிக்குமுன் அழுத்தச் சோதனை செய்து, ஒரு மூட்டிலும் கசிவில்லை என்று கண்ணால் காண வேண்டும். குழாய் செல்லும் வழியைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்; பின்னொரு நாள் ஆணி அடிக்கும்போது அது உதவும். உத்தரவாதப் பத்திரங்களும் ரசீதுகளும் உங்கள் கையில் இருத்தல் வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், ஹெந்தளை அம்மையாருக்கு விடை தானே புலப்பட்டிருக்கும். அளந்து பார்க்க வேண்டும் என்றவரையே அழையுங்கள். அவரிடம் முதலில், மாமியாரின் குளியலறைக்கு அருகே சிறு கருவி ஒன்று போதுமா என்று கேளுங்கள். போதாது என்றால் ஏன் என்று விளக்கச் சொல்லுங்கள். கலக்கும் வால்வை அவர் தம் பட்டியலில் சேர்த்திருக்கிறாரா என்றும் பாருங்கள். சேர்த்திருந்தால், அவர் கேட்கும் அதிகத் தொகையில் ஒரு பங்கு உங்கள் மாமியாரின் தோலுக்கும் உயிருக்குமான காப்பு என்று எண்ணிக்கொள்ளுங்கள். குறைந்த கூலிக்காரரின் பிளக்கும் பாதி முன்பணமும் உங்களுக்கு வேண்டாம்.

வீட்டுக்காரருக்கும் கடமை உண்டு. நல்ல வேலையாளிடம் அரை நாள் பேரம் பேசி, கடைசியில் இரண்டு வால்வுகளைக் குறைக்கச் சொல்வோர் நம்மிடையே இருக்கின்றனர். அவர் மறுத்தால் கோபிக்கவும் செய்வர். அந்த மறுப்புக்காகவே அவருக்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை உணர வேண்டும். வேலை நடக்கும் நாளில் தேநீர் கொடுத்து, பேசிய பணத்தைப் பேசிய நாளில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், அவர் வேலை செய்வதை அருகிருந்து பார்க்கட்டும். மேற்காவுகையும் அழுத்தமும் மின்னோட்டமும் புத்தகத்தை விட்டுச் சுவருக்குள் புகுந்து எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை அங்கே காணலாம். அவர்களில் ஒருவர், இதுவும் கற்றுத் தேறத் தக்க தொழில்தான் என்று நினைத்தால், அந்த நினைப்பை நாம் தடுக்காதிருப்போம்.