ஆறு மாதம் அரிசி வாங்காத அட்டை

அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்தின் குடிமைப் பொருள் வழங்கல் துறை இயக்குநர் அவர்களுக்கு,

ஸ்ரீ விஜயபுரம் ஷாதிபூரிலிருந்து எழுதுகிறேன். ஊருக்கு 2024 செப்டம்பரில் பெயர் மாறிவிட்டது. சென்னைக் கப்பலில் வந்து ஹாடோவில் இறங்குகிறவர்களுக்கு இன்னமும் இது போர்ட் பிளேர்தான். அப்படி வந்து இறங்கி, எங்கள் பகுதியில் வாடகை அறைகளில் குடியிருக்கும் குடும்பங்களின் ரேஷன் அட்டை பற்றித்தான் இந்த மடல்.

குடும்பங்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கொத்தனார் தனியாக வந்து வேலை பார்த்து, ஊருக்குப் பணம் அனுப்புவது இன்றும் உண்டு. ஆனால் கணவன் கரண்டி பிடிக்க, மனைவி சித்தாளாகப் போக, பிள்ளைகள் இங்கேயே பள்ளிக்கூடம் போகிற வீடுகளும் இருக்கின்றன. அவர்களுடைய அட்டையில் இருப்பதோ ராமநாதபுரத்துக் கிராமத்து முகவரி, அல்லது ஸ்ரீகாகுளத்து முகவரி. அந்த வீட்டில் இன்று பூட்டுதான் தொங்குகிறது.

அந்தப் பூட்டு இப்போது ஆபத்தாகிவிட்டது. மத்திய அரசு 2025 ஜூலையில் பொது விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தியது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆறு மாதம் தொடர்ந்து பொருள் வாங்காத அட்டை தற்காலிகமாக முடக்கப்படும். அதன்பின் மூன்று மாதத்துக்குள் வீட்டுக்கே வந்து விசாரித்து, கைரேகையையும் சரிபார்த்து, தகுதி உண்டா இல்லையா என்று முடிவு செய்வார்கள். போலி அட்டைகளை ஒழிக்க வந்த விதி, நோக்கத்தில் குறையில்லை. ஆனால் விசாரிக்க வருகிறவர் போய்த் தட்டுவது கிராமத்துக் கதவை. ஆளோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான கடலுக்கு இந்தப் பக்கம் சாந்து குழைத்துக்கொண்டிருக்கிறார். ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று அங்கே எழுதப்படும் ஒரு வரியில் இங்குள்ள குடும்பத்தின் உரிமை போய்விடும்.

முன்பெல்லாம் இங்கே அரிசி கிடைக்காவிட்டால் அந்த மாதத்து அரிசிதான் நட்டம். இனி அட்டையே நட்டம். அதனால்தான், ஷாதிபூர்க் கடையில் ஒரு வெளியூர்க்காரரைத் திருப்பி அனுப்புவதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்கிறேன்.

சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. 2019-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ 2022 ஜூனில் அசாமும் சேர்ந்ததோடு நாடு முழுக்க வந்துவிட்டது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதற்குக் கெடுவே விதித்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்து முன்னுரிமை அட்டை என்றால் ஆளுக்கு மாதம் 5 கிலோ, விலையில்லாமல், எந்த ஊர்க் கடையிலும். கணவன் மட்டும் இங்கிருந்தால் அவர் பங்கை இங்கே வாங்கலாம். மிச்சத்தை மனைவி ஊரில் வாங்கலாம். கைரேகை பதியாதவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017-லேயே சொல்லிவிட்டது. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்த பிறகு, ‘நெட் இல்லை’ என்ற பழைய பதிலுக்கும் வலு குறைந்துவிட்டது.

பிறகு ஏன் வெறும் பையோடு திரும்புகிறார்கள்? நான் பார்த்தவரை காரணம் ஆளுக்கு ஆள் வேறு. வேறு வேறு என்பதே யாருக்கும் தெரிவதில்லை என்பதுதான் கொடுமை.

ஒரு கொத்தனாரின் கட்டைவிரலைப் பாருங்கள். சிமெண்டு தின்று தின்று ரேகை வழுவழுவென்று ஆகியிருக்கும். மெஷின் சிவப்பு விளக்கு காட்டும். கைலியில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். அடுத்த விரல், அடுத்த கை. பின்னால் வரிசை முணுமுணுக்கும். கடைசியில் அவரே, ‘சரி விடுங்க, நாளைக்கு வரேன்’ என்று நகர்ந்துவிடுவார். நாளைக்கு அவருக்கு வேலை இருக்கும்.

இன்னொருவருக்குச் சிக்கல் அட்டையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டில் குடும்பத் தலைவரின் படத்துக்குக் கீழே சில எழுத்துகள் இருக்கும். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம், இங்கேயும் செல்லும். முன்னால் ஒரு ‘என்’ சேர்ந்து என்.பி.எச்.எச். என்றிருந்தால் அந்த அரிசி தமிழ்நாட்டு அரசு தன் செலவில் தருவது. மாநில எல்லையோடு சரி. ஊரில் இரண்டு அட்டைக்கும் அரிசி கிடைத்ததால் அவருக்கு வித்தியாசம் தெரிய வாய்ப்பே இல்லை. பக்கத்து அறைக்காரருக்குக் கொடுத்தீர்கள், எனக்கு ஏன் இல்லை என்று சண்டைக்கு நிற்பார். கடைக்காரருக்கும் விளக்கத் தெரியாது. நல்லது செய்யப்போய் எல்லோருக்கும் அரிசி கொடுத்த மாநிலத்து மக்களுக்கே இந்தக் குழப்பம் வந்து சேர்ந்தது. இதைச் சென்னையில்தான் தீர்க்க வேண்டும். ஆனால் விவரத்தைச் சென்னைக்கு எழுத வேண்டிய இடம் உங்கள் அலுவலகம்.

கடைக்காரரையும் நான் குறை சொல்லமாட்டேன். அரிசி கப்பலில் வருகிறது. வெளியூர் அட்டைக்கு அளந்துவிட்டு மாதக் கடைசியில் தன் அட்டைக்காரருக்கு இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அவருக்குக் கூடுதல் இருப்பு முன்கூட்டியே கிடைத்தால்தான் அவர் தாராளமாக அளப்பார்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு பயம் உண்டு. இங்கே விரல் வைத்தால் ஊர் அட்டை ‘அந்தமானுக்கு மாறிவிடும்’, பொங்கல் பரிசு போய்விடும், ஓட்டு போய்விடும். இதெல்லாம் பொய். ஆனால் பொய் என்று சொல்ல அவர்கள் மொழியில் ஒரு நோட்டீஸ்கூட ஒட்டப்படாதபோது டீக்கடைப் பேச்சுதான் அரசாணை. அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. அரசு உதவி பெறுகிறவர்களுக்கு நிரந்தர வசிப்புரிமை மறுக்கலாம் என்று 2019-இல் ஒரு விதி வந்ததும், அந்த விதி தொடவே தொடாத குடும்பங்களும் பயந்துபோய்ப் பிள்ளைகளுக்கு உரிய உணவு உதவியைக்கூட விட்டுவிட்டன. 2021-இல் விதி போனது. பயம் உடனே போகவில்லை. நம் ஆட்கள் எந்த எல்லையையும் கடக்கவில்லை, சொந்த நாட்டுக்குள்தான் கப்பலேறினார்கள். அவர்களுக்கு இந்தப் பயம் இருக்கவே கூடாது.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஒருவரைத் திருப்பி அனுப்பினால் காரணத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்: ரேகை பதியவில்லை, ஆதார் இணையவில்லை, மாநில அட்டை, இருப்பு இல்லை, எதுவோ அது. அந்தச் சீட்டு கையில் இருந்தால், அவர் 14445 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யவும் முடியும், நாளை ஊரில் அட்டை முடங்கினால் ‘நான் வாங்காமல் இல்லை, தரவில்லை’ என்று காட்டவும் முடியும். 2011 கணக்கெடுப்புப்படி இந்தத் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். வங்காளம் அதைவிட அதிகம், தெலுங்கு சற்றே குறைவு. கடை வாசலில் இந்த மூன்று மொழிகளிலும் ஒரு பலகை வையுங்கள். ரேகை தேய்ந்தவர்களுக்குக் கருவிழி பார்க்கும் கருவி ஒன்று ஷாதிபூர்ப் பகுதிக்கு வரட்டும். ஊர் அட்டைக்கான கைரேகைச் சரிபார்ப்பை இங்கேயே முடித்துக்கொள்ள, ஞாயிற்றுக்கிழமை முகாம் ஒன்று நடத்துங்கள். ஒரு விரலைப் பதிக்க நாள்கணக்கில் கப்பலில் போய் வரச் சொல்வது நியாயமில்லை.

ஞாயிறு என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. மற்ற நாளில் வந்தால் அவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும்.

இப்படிக்கு,
ஷாதிபூர்வாசி