முதலில் மூன்று சுரம், பிறகு கார்டு

ஓய்வுபெற்ற பிறகு கிட்டார் கற்றுக்கொள்ள ஆசைப்படும் நண்பர்கள் சிலரை எனக்குத் தெரியும். ஆர்வமாக வாங்குவார்கள். மூன்று மாதத்தில் அது சுவரில் தொங்கும். கேட்டால் "வயசாயிடுச்சு சார், விரல் வரமாட்டேங்குது" என்பார்கள். குறை வயதில் இல்லை, பாடம் தொடங்கும் இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இன்று பெரும்பாலும் முதல் வாரமே கார்டு பிடிக்கச் சொல்லிவிடுகிறார்கள். சி, ஜி என்று போய், எஃப் வந்ததும் வண்டி நின்றுவிடும். முழு எஃப் கார்டுக்கு ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு தந்திகளையும் படுக்கையாக அழுத்த வேண்டும். இருபது வயதுக் கைக்கே அது பழகச் சில வாரங்கள் ஆகும். நம் கைக்கு மணிக்கட்டு வலிதான் மிச்சம். இவ்வளவு பாடுபட்டும் அந்தக் கார்டுக்குள் என்ன சுரங்கள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

உள்ளே இருப்பவை மூன்றே சுரங்கள். இதைத்தான் ட்ரையட் என்கிறார்கள். சி மேஜர் என்றால் சி, இ, ஜி. பிரெஞ்சில் படித்த எனக்கு அவை தோ, மி, சோல். சரளி வரிசை பாடியவர்களுக்கு ச, க, ப. மாயாமாளவகௌளையில் வரும் அதே அந்தர காந்தாரம்தான். ஆக, நம்மில் பலருக்கு இந்த மூன்றும் காதில் ஏற்கெனவே இருக்கின்றன. விரலுக்குத்தான் தெரிய வேண்டும்.

மூன்றையும் சேர்த்து அடித்தால் கார்டு. ஒன்றன்பின் ஒன்றாக மீட்டினால் ஆர்பெஜியோ. ஹார்ப் வாசிப்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ‘இளைய நிலா’ பாட்டின் தொடக்கத்தில் வரும் கிட்டாரை நினைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரிந்துவிடும்.

கிட்டாரில் மெல்லிய மூன்று தந்திகள் மட்டும் போதும். மூன்றாம் தந்தியில் 5-ஆம் ஃப்ரெட், இரண்டாம் தந்தியில் 5, முதல் தந்தியில் 3. இது சி, இ, ஜி. (வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் ஃப்ரெட்.) அதே விரல் அமைப்பை அப்படியே நகர்த்தி 10, 10, 8 என்று வையுங்கள். நம்மை மிரட்டிய எஃப் அதுதான்! இன்னும் இரண்டு ஃப்ரெட் நகர்த்தி 12, 12, 10 வைத்தால் ஜி. ஒரே அமைப்பில் மூன்று கார்டு வந்துவிட்டது. விரலைப் படுக்கவைக்கும் வேலையே இல்லை.

இப்போது சி-க்குத் திரும்பி, நடுவில் உள்ள சுரத்தை மட்டும் ஒரு ஃப்ரெட் குறையுங்கள். 5, 4, 3. மேஜர் மைனராகிவிட்டது. அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மகிழ்ச்சி சோகமாக மாறியது ஒரே ஒரு விரலால் என்பதை, ஒவ்வொரு சுரமாக மீட்டினால்தான் காது பிடித்துக்கொள்ளும். ஆறு தந்தியையும் சேர்த்து உரசினால் அந்த மாற்றம் இரைச்சலில் மறைந்துவிடும்.

1952-இல் வந்த ‘ழே அன்தெர்தி’ என்ற பிரெஞ்சுப் படத்தில் நார்சிஸோ யெப்பஸ் வாசித்த ‘ரொமான்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். மேல் தந்தியில் மெட்டு நகர, கீழே இரண்டு தந்திகள் மாறி மாறி ஒலிக்கும். முதல் பகுதி இ மைனர், அடுத்தது இ மேஜர். இருட்டறையில் ஜன்னலைத் திறந்ததுபோல் இருக்கும்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. மௌரோ ஜூலியானி என்ற இத்தாலியர் 1812-இலேயே வலது கைக்கு 120 பயிற்சிகள் எழுதி வெளியிட்டார். அத்தனைக்கும் இடது கை பிடிப்பது சி, ஜி7 என்ற இரண்டே கார்டுகளைத்தான். மீட்டும் கை முதலில் தேறட்டும் என்று நினைத்தார் போலும்.

"ஒவ்வொரு தந்தியா தட்டிக்கிட்டிருந்தா பேரன் தூங்கிடுவான் சார்" என்றார் ஒரு நண்பர். நியாயம்தான். கூட்டத்தோடு பாடி ஆட நினைக்கும் இளைஞனுக்கு உரசல்தான் சரி, உடனே பலன் கிடைக்கும். நம் கணக்கு வேறு. எழுபதுக்கு மேல் விரலின் வேகம் கூடப்போவதில்லை. காதின் கவனம் கூடலாம். மிச்சமிருக்கும் நேரத்தை வலியில் செலவழிப்பதா, புரிந்துகொள்வதில் செலவழிப்பதா என்பதுதான் கேள்வி.

ஆகவே என் யோசனை இது. நைலான் தந்தி கிட்டார் வாங்குங்கள், விரல் நுனி பிழைக்கும். தினம் கால் மணி நேரம் போதும். மூன்றாம் தந்திக்குச் சுட்டுவிரல், இரண்டாவதற்கு நடுவிரல், முதலாவதற்கு மோதிரவிரல். மீட்டும்போதே சுரத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். தோ, மி, சோல் என்றாலும் சரி, ச, க, ப என்றாலும் சரி. ஒரு சுரம் தெளிவாக ஒலித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். பேரன் தூங்கினால் தூங்கட்டும், தாலாட்டுக்கும் இதே மூன்று சுரம் போதும்.