நீச்சல் களைப்புக்கு மருந்து கூடுதல் நீச்சலா?

ட்ரையத்லானுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எங்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு. நீச்சலில் களைப்பு வருவது தெம்பு போதாததால்தான். தினமும் நாலு லேப் கூட்டி, களைப்பைப் பொறுத்துக்கொண்டு நீந்தினால் தானாகச் சரியாகிவிடும் என்பது அது. ஓட்டத்திலும் சைக்கிளிலும் இது ஓரளவு பலிக்கிறது. அதனால் நீச்சலுக்கும் அதையே சொல்லிவிடுகிறார்கள். தண்ணீரில் அது பெரும்பாலும் தவறு, கடலில் ஆபத்தும்கூட.

களைப்புக்குக் காரணம் உடல் தகுதிக் குறைவு என்பது இந்த வாதத்தின் அடிப்படை. ஒரு நீச்சல்குளத்தின் ஓரத்தில் சற்று நேரம் நின்று பார்த்தாலே அது ஆட்டம் கண்டுவிடும். 10 கிலோமீட்டரை நிற்காமல் ஓடக்கூடியவர் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கிறார். பக்கத்துத் தடத்தில், ஓடியே பழகாத நடுவயதுக்காரர் ஒருவர் அரைமணி நேரமாக நிதானமாகப் போய்வந்துகொண்டிருக்கிறார். இதயமும் நுரையீரலும்தான் காரணம் என்றால் நிலைமை நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

உண்மையான காரணம் நீரின் எதிர்ப்பு. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. சைக்கிள் மிதிப்பவரின் உடல் செலவிடும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதம் வரை மிதியைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. நீச்சலில் இந்த விகிதம் பொதுவாக 10 சதவீதத்துக்கும் கீழே. புதியவருக்கு இன்னும் மோசம். ஏனென்றால் அவருடைய உடல் நீரில் கிடையாகக் கிடப்பதில்லை. நுரையீரலில் உள்ள காற்று மார்பை மிதக்க வைக்கிறது, கால்கள் அமிழ்கின்றன. ஓட்டக்காரரின் கொழுப்பற்ற, இறுகிய கால்கள் மேலும் எளிதாக அமிழும். பயத்தில் தலையைத் தூக்கி முன்னால் பார்த்தால் இடுப்பு இறங்குகிறது, உடல் சரிவாக நின்று நீரை இடித்துத் தள்ளுகிறது, மூச்சு முட்டுகிறது, மூச்சு முட்டியதும் தலை இன்னும் உயர்கிறது. இந்த நிலையில் தூரத்தைக் கூட்டச் சொல்வது, ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல் கார் ஓட்டுபவரிடம் கூடுதலாகப் பெட்ரோல் போடச் சொல்வதுதான்.

ஆகவே முதலில் திருத்த வேண்டியது உடலின் கிடப்பு. பார்வை குளத்தின் தரையில் இருக்க வேண்டும். தலை முதுகெலும்பின் நேர்கோட்டில் இருக்க வேண்டும். மார்பை லேசாக நீருக்குள் அழுத்தினால் இடுப்பு மேலே வரும். முன்னால் நீண்ட கையை அடுத்த கை நெருங்கி வரும்வரை இழுக்காமல் வைத்திருந்தால் உடல் நீளமாகி, நீரை வெட்டிக்கொண்டு போகும். 1989-இல் அமெரிக்கப் பயிற்சியாளர் டெர்ரி லாஃப்லின் தொடங்கிய ‘டோட்டல் இமர்ஷன்’ பயிற்சிமுறை, தெம்பை வளர்ப்பதற்கு முன் எதிர்ப்பைக் குறை என்ற இந்த எண்ணத்தின் மீதே நின்றது. முன்னேற்றத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். 25 மீட்டரைக் கடக்க எத்தனை கைவீச்சு ஆகிறது என்று எண்ணினால் போதும். நேரம் கூடாமல் எண்ணிக்கை குறைந்தால் எதிர்ப்பு குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

வேகத்தைப் பற்றிய தவறான கணக்கும் இதோடு சேர்ந்ததே. ஓட்டத்தில் மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான். நீரில் அப்படியில்லை. எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் கனமாக ஏறுகிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே தேவைப்படும் திறன் கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடும். 100 மீட்டரை 2 நிமிடத்தில் நீந்துபவர் அதை 2 நிமிடம் 13 விநாடிக்கு நிதானப்படுத்தினால், ஸ்பிரின்ட் ட்ரையத்லானின் 750 மீட்டரில் இழப்பது ஏறக்குறைய 1 நிமிடம் 40 விநாடி. அதற்குப் பின் 20 கிலோமீட்டர் சைக்கிளும் 5 கிலோமீட்டர் ஓட்டமும் காத்திருக்கின்றன. மூச்சிரைத்தபடி கரையேறுபவர் அங்கே இதைவிட அதிகமாகவே இழப்பார்.

அடுத்த வாதம், மூச்சு வாங்குவது நுரையீரல் பழகாததால், எனவே மூச்சை அடக்கிப் பழக வேண்டும் என்பது. நீருக்குள் முகம் இருக்கும்போது புதியவர் மூச்சை ஏற்கெனவே அடக்கித்தான் வைத்திருக்கிறார், தொல்லையே அதுதான். தலை திரும்பும் அந்த ஒரு நொடிக்குள் பழைய காற்றை வெளியேற்றிப் புதுக்காற்றை இழுக்கப் பார்க்கிறார். இரண்டும் அரைகுறையாகின்றன, உடலில் கரியமில வாயு தேங்குகிறது. மூச்சுத் திணறலாக உணரப்படுவது பெரும்பாலும் இந்தத் தேக்கமே, ஆக்சிஜன் பஞ்சம் அல்ல. முகம் நீருக்குள் இருக்கும் நேரம் முழுவதும் மூக்காலும் வாயாலும் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால், தலை திரும்பும்போது உள்ளிழுப்பது மட்டுமே மிஞ்சும். பலருக்கு இந்த ஒரு திருத்தமே 50 மீட்டரை 200 மீட்டராக்கிவிடுகிறது. வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு நீருக்கடியில் மூச்சடக்கும் பயிற்சியை அறவே தவிர்க்க வேண்டும். எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நினைவு தப்பும். ஆழம் குறைந்த குளங்களிலும் இதனால் உயிர் போயிருக்கிறது.

மூன்று கைவீச்சுக்கு ஒருமுறைதான் மூச்செடுக்க வேண்டும் என்ற விதியும் புதியவர்மேல் சுமத்தப்படுகிறது. இரண்டுக்கு ஒன்று என்று எடுப்பதைவிட இதில் மூச்சின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. திணறுபவருக்கு இது தேவையே இல்லை. இரண்டுக்கு ஒன்று என்றே எடுத்து, ஒரு லேப் வலப்பக்கம், ஒரு லேப் இடப்பக்கம் என மாற்றினால் இரு பக்கமும் பழகிவிடும். கடலில் அலையும் வெயிலும் ஒரு பக்கமாக அடிக்கும்போது அந்தப் பழக்கம் உதவும்.

கால் அமிழ்ந்தால் பலமாக உதைக்க வேண்டும் என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. தொடைத் தசைகள் உடலிலேயே பெரியவை. ஆக்சிஜனை வாரிக் குடிப்பவை. நெடுந்தூர ஃப்ரீஸ்டைலில் உந்துதலின் பெரும்பகுதி கைகளிலிருந்தே வருகிறது. ஓட்டத்தாலும் சைக்கிளாலும் கணுக்கால் விறைத்தவர்கள் எவ்வளவு உதைத்தாலும் நகர்வது சொற்பம். ஒரு கைவீச்சுக்கு ஓர் உதை என்ற அளவு, உடலைச் சமன்படுத்தப் போதும். தொடைகளுக்கு இடையே வைக்கும் ‘புல் பாய்’ மிதவை, சரியான கிடப்பு எப்படி இருக்கும் என்பதை உணர்த்த நல்லது; எப்போதும் அதோடு நீந்தினால் பிழை மறைந்திருக்குமே தவிர நீங்காது.

நிற்காமல் நீந்தினால்தான் தாங்குதிறன் வரும் என்ற கருத்துக்கு வருவோம். களைத்த பிறகு முழங்கை தாழ்கிறது, தலை எழும்புகிறது. அதன்பின் நீந்தும் ஒவ்வொரு லேப்பும் அந்தக் கோணலையே உடலுக்குப் பழக்குகிறது. மாறாக, 20 விநாடி ஓய்வோடு 50 மீட்டரை 16 முறை நீந்தினால் மொத்தம் 800 மீட்டர். ஸ்பிரின்ட் தூரத்தைவிட அதிகம், அதுவும் ஒழுங்கு குலையாமல். வாரத்தில் ஒருநாள் நீந்தும் நீண்ட நீச்சலைவிட மூன்று நாள் நீந்தும் குறுநீச்சல் புதியவருக்குப் பயன் தரும். நீரைப் பிடித்துத் தள்ளும் உணர்வு இடைவெளி விழுந்தால் விரைவில் மங்கிவிடும்.

குளத்தில் 1500 மீட்டர் முடித்தவர் கடலுக்குத் தயார் என்பதும் சரியல்ல. 25 மீட்டர் குளத்தில் அந்தத் தூரத்துக்குள் 59 முறை சுவர் வருகிறது. ஒவ்வொன்றும் ஓர் உந்துதல், ஒரு சின்ன ஓய்வு. கடலில் சுவர் இல்லை. கும்பலாகத் தொடங்கும் பரபரப்பில் முதல் 200 மீட்டரை அளவுக்கு மீறிய வேகத்தில் நீந்திவிடுவது புதியவர்களின் வழக்கம். குளிர்ந்த நீரில் திடீரென்று இறங்கினால் மூச்சு தன்னால் அடித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் அது அடங்கும். தொடக்கத்துக்கு முன்பே நீரில் இறங்கி முகத்தை நனைத்துப் பழகுவது இதற்காகத்தான். வெட்சூட் அணிந்தால் கால்கள் மிதந்து களைப்பு குறையும். ஆனால் அதை நம்பியே பயிற்சி செய்வது இந்தியக் கடலோரத்தில் கைகொடுக்காது. வயதுப்பிரிவுப் போட்டியாளர்கள் 1500 மீட்டர் வரையிலான நீச்சலில், நீரின் வெப்பம் 22 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால் வெட்சூட் அணியக்கூடாது என்பது உலக ட்ரையத்லான் அமைப்பின் விதி. 2019-இல் தொடங்கிய கோவா அயர்ன்மேன் 70.3 போட்டியிலும் வெதுவெதுப்பான கடலில் 1.9 கிலோமீட்டரை வெட்சூட் இல்லாமல்தான் கடக்க வேண்டும்.

களைப்பைப் பொறுத்துக்கொள் என்ற அறிவுரை உயிருக்கே உலை வைப்பது கடலில்தான். 1985 முதல் 2016 வரை அமெரிக்க ட்ரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் தொகுத்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் இடம்பெற்ற 135 நிகழ்வுகளில் 90 நீச்சலின்போது நடந்தவை. நீச்சலின்போது நுரையீரலில் நீர்மம் கசிந்து தேங்கும் கோளாறும் உண்டு. திடீர் இருமல், நெஞ்சில் கரகரப்பு, இளஞ்சிவப்பு நுரையோடு சளி என்று தொடங்கும் அதைச் சாதாரணக் களைப்பாக எண்ணித் தொடர்ந்து நீந்துவது கொடிய தவறு. உடனே கையை உயர்த்தி உதவி கேட்டு, நீரை விட்டு வெளியேற வேண்டும். சாதாரணக் களைப்புக்கும் போட்டி விதிகள் இடம் தருகின்றன. மல்லாந்து மிதக்கலாம், மார்பு நீச்சலுக்கு மாறலாம், மிதவையையோ நிற்கும் படகையோ பிடித்து இளைப்பாறலாம்; அதைப் பிடித்து முன்னேறாதவரை தகுதிநீக்கம் இல்லை. புதியவர் ஒவ்வொருவருக்கும் இதைப் போட்டிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கூடுதல் நீச்சல் பலன் தரும் கட்டமும் உண்டு. பத்தாவது 50 மீட்டரிலும் கைவீச்சு எண்ணிக்கை முதலாவதைப் போலவே இருந்து, 20 விநாடி ஓய்வில் மூச்சு அடங்கி, மிச்சமிருக்கும் களைப்பு தோளிலும் முதுகின் பக்கத் தசைகளிலும் மட்டும் தெரிந்தால், அது உண்மையிலேயே தசைத் தாங்குதிறன் சார்ந்த களைப்பு. அப்போது ஓய்வு நேரத்தை மாற்றாமல் 50 மீட்டரை 100 ஆகவும், பிறகு 200 ஆகவும் நீட்டலாம். எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் அன்றைக்கு முந்தைய தூரத்துக்கே திரும்பிவிட வேண்டும்.